ஆப்தரின் சொல்லும் ஆடாதோடையும்

நெஞ்சில் கோழை கட்டினால் ஆடாதோடை, தொண்டை கரகரத்தால் சிற்றரத்தை, மூக்கடைத்தால் நொச்சி இலை போட்டு ஆவி, குழந்தைக்குச் சளி என்றால் கற்பூரவள்ளிச் சாறு, விடாத இருமலுக்குத் தூதுவளை என்று தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு மருந்துப் பட்டியல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. இதில் ஒரு பகுதி அகத்தியர், தேரையர் போன்ற சித்தர்களின் பெயரில் வழங்கும் நூல்களில் உள்ளது. மறுபகுதி எந்த ஏட்டிலும் ஏறாத பாட்டி வைத்தியம். இரண்டும் சொல்லாக வந்தவை. சொன்னவர் மீதுள்ள மதிப்பால் ஏற்கப்பட்டவை. இப்படி வந்த சொல் எந்த இடத்தில் நம்பிக்கையாக நிற்கிறது, எந்த இடத்தில் அறிவாகிறது என்பது மருந்தியலுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. இந்தியத் தத்துவ மரபு அளவை, பிரமாணம் என்ற தலைப்புகளில் நெடுங்காலம் விவாதித்த கேள்வியும் இதுதான்.

மூலிகை மருத்துவம் பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறது. முன்னோர் சொன்னதைச் சோதிப்பதே அவமதிப்பு என்கிறது ஒன்று. சோதனைச்சாலைக்கு வெளியே பிறந்தது எதுவும் அறிவே அல்ல என்கிறது மற்றொன்று. மரபின் சொந்த அளவை நூல்களைப் பார்த்தால் இந்தப் பிரிவினைக்கு அங்கே இடமில்லை.

சொல்லும் ஓர் அளவை

எதை அறிவுக்கு வாயிலாகக் கொள்வது என்பதில் இந்தியத் தரிசனங்கள் வேறுபட்டன. சார்வாகர் காட்சி ஒன்றையே ஏற்றனர். பௌத்த அளவை நூலார் காட்சி, அனுமானம் என இரண்டோடு நின்றனர். நையாயிகர் இவற்றோடு உவமையையும் சொல்லையும் சேர்த்து நான்கு என்றனர். மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி பத்து அளவைகளை எண்ணிச் சொல்கிறார். 29-ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த நிலையில் இரண்டே போதும் என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார், பிறர் சொல்லும் பல அளவைகளையும் பட்டியலிட்டு, அவை எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது.

இவற்றில் மருந்துக்கு நேராகப் பொருந்துவது ஒரு நுணுக்கமான வேறுபாடு. பத்து அளவைகளின் பட்டியலில் ஆகமம் எனப்படும் நூலுரை ஒன்று. ஐதிகம் எனப்படும் உலகுரை வேறொன்று. ஐதிகம் என்பது முதலில் சொன்னவர் யார் என்று தெரியாமல் ஊர் வாயில் வழங்கிவரும் செய்தி. மணிமேகலை அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதை நம்புவது. பழமை மட்டுமே ஒரு சொல்லுக்கு வலிமை தந்துவிடாது என்பதை மரபு அறிந்தே இருந்தது. சளிக்கு இந்த இலை நல்லதாம் என்ற செய்தி, சொன்னவரும் அறியப்படாமல் சோதித்தவரும் இல்லாமல் இருக்கும் வரை, ஐதிகத்தின் தரத்திலேயே நிற்கிறது.

வேதத்துக்கே சாட்சியான மருத்துவம்

உரை எப்போது அளவையாகிறது என்ற கேள்விக்கு நியாய சூத்திரம் தரும் விடை எளிது: ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், சொல்வதே உரை. அச்சொல் இருவகைப்படும் என்றும் அந்நூல் பிரிக்கிறது. இவ்வுலகில் கண்டு தெளியக்கூடிய பொருளைப் பற்றியது திருஷ்டார்த்தம். சுவர்க்கம் போலக் காணமுடியாத பொருளைப் பற்றியது அதிருஷ்டார்த்தம்.

இரண்டாம் அத்தியாயத்தில் வேதத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற வாதம் வருகிறது. நியாய சூத்திர ஆசிரியர் கௌதமர் அங்கே காட்டும் உவமை ஆயுர்வேதம். மந்திரமும் ஆயுர்வேதமும் நம்பத்தக்கவை ஆவது போல, ஆப்தர் சொல் என்பதால் வேதமும் நம்பத்தக்கது என்பது அச்சூத்திரத்தின் பொருள். அந்நூலுக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய விளக்கவுரை இதை விரிக்கிறது. மருத்துவ நூல் சொன்னபடி செய்தால் சொன்ன பலன் கிடைக்கிறது. கண்ணால் காணும் இந்தப் பொருத்தமே அதைச் சொன்னவர் ஆப்தர் என்பதைக் காட்டுகிறது.

இந்த வாதத்தின் திசை கவனத்துக்குரியது. வேதத்தின் பெருமையால் மருந்து நம்பப்படவில்லை. மருந்தின் கண்கூடான பலன், வேதத்தை நம்புவதற்குச் சாட்சியாக நிறுத்தப்படுகிறது. மருந்து பலிக்கிறதா என்பது திறந்த, சோதிக்கத்தக்க கேள்வியாக இருந்தால்தான் இந்த வாதமே நிற்கும். பலன் இல்லாவிட்டாலும் மருந்து உண்மை என்று சொல்பவர் மரபைக் காப்பதாக நினைத்து, மரபு ஊன்றி நின்ற கோலையே பிடுங்கிவிடுகிறார்.

சரக சம்ஹிதையும் அறியும் வழிகளை ஆப்தோபதேசம், காட்சி, அனுமானம், யுக்தி என நான்காக வகுக்கிறது. யுக்தி என்பது பல காரணங்கள் கூடி ஒரு விளைவு வருவதைப் பகுத்துக் காணும் அறிவு. மருத்துவனுக்கு ஆப்தர் சொல் தொடக்கம். மற்ற மூன்றும் அவன் கையில் இருக்க வேண்டிய கருவிகள்.

ஏழு நாளில் போகும் சளி

ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று துணிய இரண்டு வகைக் காட்சி வேண்டும் என்பர் தருக்க நூலார். அது உள்ள இடத்தில் இதுவும் உண்டு என்பது அன்வயம். அது இல்லாத இடத்தில் இதுவும் இல்லை என்பது வெதிரேகம். அன்வயத்தை மட்டும் கண்டு முடிவு கட்டியவர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்.

சளி இந்தப் பிழைக்கு வாகான நோய். சாதாரண ஜலதோஷம் பெரும்பாலும் வைரஸ்களால் வருவது. ஏழு முதல் பத்து நாளில் பெரும்பாலோருக்குத் தானே தணிந்துவிடும். நோய் முற்றும்போதுதான் மருந்தைத் தேடுகிறோம். முற்றிய நோய்க்கு அடுத்த கட்டம் தணிவதே. மூன்றாம் நாள் கஷாயம் குடித்தவர் ஆறாம் நாள் தேறினால் அன்வயம் கிடைத்துவிட்டது. குடிக்காமல் இருந்திருந்தால் ஆறாம் நாள் எப்படி இருந்திருப்பார் என்ற வெதிரேகம் எந்த வீட்டிலும் கிடைப்பதில்லை. நூறு தலைமுறை அனுபவம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இப்படிப் பாதி மட்டுமே பார்த்த அனுபவம்.

இதனோடு உபாதி என்ற தடையும் சேர்கிறது. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பது தவறு. ஈர விறகு இருந்தால்தான் புகை வரும். அந்த ஈரமே உபாதி, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் உடன் நிற்கும் நிபந்தனை. கஷாயம் குடிப்பவர் வெந்நீர் அருந்துகிறார், ஓய்வெடுக்கிறார், போர்த்திப் படுக்கிறார், பரிவோடு கவனிக்கப்படுகிறார், குணமாகும் என்று எதிர்பார்க்கிறார். தேறியது இலையாலா, இவற்றில் ஒன்றாலா?

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு அதே நிறமும் சுவையும் கொண்ட போலி மருந்தும் கொடுத்து, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியாமல் வைக்கும் முறை, இந்த இரண்டு தருக்கச் சிக்கல்களையும் தீர்க்க எழுந்தது. போலி மருந்துக் குழு வெதிரேகத்தைத் தருகிறது. குலுக்கல் உபாதிகளை இருபுறமும் ஏறக்குறைய சமமாகப் பரப்பிவிடுகிறது. கருவி புதிது; அது விடை தேடும் கேள்வி பழைய தருக்க நூல்களில் தெளிவாகவே இருக்கிறது.

காட்சியின் திரிவு

குற்றமற்ற காட்சி ஐயமும் திரிவும் இல்லாததாக இருக்க வேண்டும் என்பது சைவ அளவை நூலின் விதி. திரிவு என்பது ஒன்றை வேறொன்றாகக் காண்பது. மூக்கடைப்பில் இதற்குத் தெளிவான ஒரு சான்று உண்டு. புதினா இனத்திலிருந்து கிடைக்கும் மெந்தாலை முகர்ந்தால் மூக்கு திறந்துகொண்டது போல இருக்கும். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்கிள்ஸ் 1980-களில் செய்த அளவீடுகளில், மெந்தாலை முகர்ந்த பிறகும் மூக்கில் காற்று சந்திக்கும் தடை குறையவில்லை; காற்று நன்றாகப் போகிறது என்ற உணர்வு மட்டும் கூடியது. குளிர்ச்சியை உணரும் நரம்பு வாயில் ஒன்றை மெந்தால் தூண்டுவதே காரணம். அந்த வாயில் 2002-ல் இனங்காணப்பட்டது. தைலம் தடவியதும் அடைப்பு விட்டது என்ற அனுபவம் பொய்யன்று. அடைப்பு விட்டது என்ற முடிவுதான் பிழை.

இதிலிருந்து தைலம் ஏமாற்று என்ற முடிவுக்குத் தாவவும் கூடாது. மூக்கடைப்பின் துன்பமே ஓர் உணர்வு. இரவில் உறங்க முடியாதவருக்கு அந்த உணர்வு தணிவது மெய்யான நன்மை. செய்தியை அதன் அளவில் சொல்வதுதான் வேண்டுவது. ஆறுதல் தரும் என்பது மெய். நோயை நீக்கும் என்பது மெய்யன்று. கற்பூரம் கலந்த தைலங்கள் சிறு குழந்தைகளிடம் வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால், இந்த ஆறுதலுக்கும் வயதெல்லை உண்டு.

ஆவி பிடித்தலின் நிலையும் இதற்கு அருகில்தான். ஜலதோஷத்துக்குச் சூடான ஈரக் காற்றைச் சுவாசிப்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, உறுதியான, ஒரே திசையில் செல்லும் பலன் எதையும் காணவில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது பல நாட்டு மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. பெரியவர் ஒருவர் கவனமாகப் பிடிக்கும் ஆவியில் இழப்பு குறைவு. போர்வைக்குள் குழந்தையை உட்காரவைத்துப் பிடிக்கும் ஆவியில் இழப்பு பெரிது, பலனோ ஐயத்துக்குரியது.

சொல் சான்றான இடங்கள்

சோதனை மரபைக் கவிழ்ப்பதற்காகவே நடக்கிறது என்ற அச்சத்துக்கு வரலாறு இடம் தரவில்லை. பல இடங்களில் பழைய சொல்லே வழிகாட்டியாக இருந்திருக்கிறது.

முதல் எடுத்துக்காட்டு ஆடாதோடை. அதன் இலையிலிருந்து வாசிசின் என்ற ஆல்கலாய்டு 1888-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வேதி அமைப்பைப் பின்பற்றி உருவானது புரோம்ஹெக்சின். 1960-களில் சந்தைக்கு வந்தது. உடலுக்குள் புரோம்ஹெக்சின் மாறி உண்டாகும் பொருள்களில் ஒன்று அம்ப்ராக்சால். இன்று மருந்துக்கடையில் விற்கும் பல சளி இளக்கும் சிரப்புகளில் இவ்விரண்டில் ஒன்று இருக்கும். கோழையை இளக்கும் மூலிகை என்று நூல்கள் சொன்னதைப் பின்தொடர்ந்து போன வேதியியல், கோழையை இளக்கும் மருந்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் இங்கும் அனுமானத்துக்கு எல்லை உண்டு. புரோம்ஹெக்சின் வேலை செய்வதால் ஆடாதோடை மணப்பாகும் அதே அளவில் வேலை செய்யும் என்று துணிய முடியாது. இலையில் உள்ள வாசிசின் அளவு, காய்ச்சும் முறை, உடலில் சேரும் பங்கு எல்லாம் வேறு. வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை உண்டு என்பதால் கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது என்ற அனுமானம் இங்கே உடைகிறது.

இரண்டாவது ஊமத்தை. இழுப்பு நோய்க்கு அதன் புகையை இழுப்பது இந்தியப் பழக்கம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை ஐரோப்பியர்களுக்கும் பரிந்துரைத்தார். 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்ற படைத்தலைவர் அந்தச் செடியின் வேரைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்கு எடுத்துச் சென்றார். அதன் பிறகு ஆஸ்துமா சிகரெட்டுகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மேலைநாடுகளில் விற்பனையாகின. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழலைத் தளர்த்தும். ஆனால் மூளையைத் தாக்கிப் பிதற்றலை உண்டாக்கும், அளவு மீறினால் உயிரையும் எடுக்கும். அட்ரோபினின் அமைப்பை மாற்றி, இரத்தத்திலும் மூளையிலும் எளிதில் புகாதபடி ஆக்கியதே இப்ராட்ரோபியம். அதன் வழியில் வந்த டியோட்ரோபியம் இன்று நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு முதன்மை மருந்துகளில் ஒன்று. பழைய சொல் பயனை அறிந்திருந்தது. பயனையும் நஞ்சையும் பிரித்தெடுத்தது சோதனை.

தூதுவளையும் கண்டங்கத்திரியும் ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 1999-ல் ஒரு முன்னோட்ட ஆய்வு வெளிவந்தது. 300 மில்லிகிராம் பொடியை ஒருவேளை கொடுத்ததில் மூச்சின் வேகம் மேம்பட்டது. சால்புடமால், டெரிபிலின் மாத்திரைகள் தந்த அளவுக்கு அது எட்டவில்லை. இந்தச் சிறிய ஆய்வு காட்டுவது மூலிகையில் ஏதோ ஒரு ஆற்றல் உண்டு என்பதை. தீவிர இழுப்பில் இன்ஹேலரை ஒதுக்கிவிட்டுத் தூதுவளையை நம்பலாம் என்பதை அது காட்டவில்லை. நிலவேம்பு பற்றி 2017-ல் வெளியான தொகுப்பாய்வு 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இருமலும் தொண்டைவலியும் விரைவில் தணிகின்றன என்ற குறிப்பு கிடைத்தது. அந்த ஆய்வுகளில் பல தரத்தில் குறைந்தவை என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது.

எளிய மருந்துகளில் சான்று தெளிவாக நிற்பது தேனுக்கு. குழந்தைகளின் இருமல் பற்றிய 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு 6 ஆய்வுகளில் 899 குழந்தைகளைக் கணக்கில் எடுத்தது. மருந்தே கொடுக்காமல் விடுவதைவிடத் தேன் இருமலைத் தணிக்கக்கூடும். டெக்ஸ்ட்ரோமெதார்பன் என்ற இருமல் மருந்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமி விதைகள் அதில் இருக்கக்கூடும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் சடங்கு வழக்கமும் இந்த விலக்கில் அடங்கும்.

துளசி, கற்பூரவள்ளி, நொச்சி ஆகியவை மீதான ஆய்வுகள் பெரும்பாலும் சோதனைக் குழாயிலும் விலங்கிலும் நடந்தவை. கற்பூரவள்ளி எண்ணெயில் உள்ள கார்வக்ரால், தைமால் போன்ற பொருள்கள் கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. கண்ணாடிக் கிண்ணத்தில் கிருமி சாவதும் மார்பில் கட்டிய கோழை கரைவதும் ஒன்றல்ல.

மறுப்புகளும் விடைகளும்

மரபுக்குள்ளேயே சோதனைக்கு எதிராக மூன்று வலுவான வாதங்கள் எழுகின்றன.

முதலாவது சுசுருத சம்ஹிதையில் உள்ளது. இயல்பாலேயே பெயர் பெற்ற மருந்துகளைத் தருக்கத்தால் ஆராய வேண்டாம், ஆகமத்தின்படி பயன்படுத்துக என்கிறது அந்நூலின் சூத்திரஸ்தானம். அதை அடுத்து வரும் காரணமே அதன் உட்பொருளைக் காட்டுகிறது. அம்பஷ்டா முதலிய, மலத்தைக் கட்டும் மருந்துகள் ஆயிரம் காரணம் சொன்னாலும் பேதிக்குப் போகவைக்காது என்பது அது. வாதத்தால் மருந்தின் செயலை மாற்ற முடியாது. கண்ட பலனே தலைமையானது என்பதே இங்கு சொல்லப்படுவது. இன்றைய மருத்துவ ஆய்வின் விதியும் இதுவே. வேதிப் பொருள், நரம்பு வாயில், கிருமிக் கொல்லி என்று எத்தனை அழகான காரணம் சொன்னாலும், நோயாளியிடம் பலன் தெரியாவிட்டால் அந்தக் காரணம் நிற்காது. சுசுருதரின் எச்சரிக்கை வீண் தருக்கத்துக்கு எதிரானது. பலனை அளப்பதற்கு எதிரானது அன்று.

இரண்டாவது, ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து நையாயிகர் ஜெயந்த பட்டருடையது. பொருள்களின் ஆற்றல் இடத்தாலும் காலத்தாலும் ஆளாலும் சேர்க்கையாலும் எண்ணிலடங்காமல் மாறுகிறது. அவற்றையெல்லாம் அன்வய வெதிரேகத்தால் ஒவ்வொன்றாகக் கண்டு முடிக்க எத்தனை யுகமும் போதாது. ஆகவே சரகர் போன்றோர் நேரடி ஞானத்தாலேயே அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். சேர்க்கைகள் எண்ணற்றவை என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் ஞானி அறிந்தது என்று கொண்டாலும், அவர் அறிந்தது பிழையின்றி நம்மிடம் வந்து சேர்ந்ததா என்ற கேள்வி எஞ்சுகிறது. ஏடுகள் படியெடுக்கப்பட்டபோது பாடம் மாறியது; செடிகளின் அடையாளமும் மாறியது. தாளிசபத்திரி என்ற பெயரில் இமயமலை ஊசியிலை மரங்கள் இரண்டின் இலையும் ரோடோடென்ட்ரான் இனத்து இலையும் வணிகத்தில் வழங்குகின்றன. அது சேரும் தாளிசாதி சூரணம் பற்றிய நூலின் சொல் மெய்யாகவே இருக்கட்டும்; கடைச் சரக்கு அந்தச் சொல்லுக்கு உரியதுதானா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும்.

மூன்றாவது இன்றைய வைத்தியர்கள் சொல்வது. சித்த மருத்துவம் சளிக்கு மருந்து கொடுப்பதில்லை. வாத, பித்த, கபங்களின் நிலை கண்டு ஆளுக்கு ஏற்ப மருந்து கொடுக்கிறது. ஒரே பொடியை நூறு பேருக்குக் கொடுத்துச் சோதிப்பது அந்த முறையையே சோதிப்பது ஆகாது. இந்த வாதத்தில் நியாயம் உண்டு. அதற்கு வழியும் உண்டு. வைத்தியர் ஒவ்வொருவருக்கும் தாம் விரும்பும் மருந்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அது நோயாளியின் கைக்குப் போகுமா, போலி மருந்து போகுமா என்பதை மட்டும் குலுக்கல் முடிவு செய்யட்டும். இவ்வாறு முறை முழுவதையும் ஒருசேரச் சோதிக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும் மருந்து என்பது சோதனையின் வடிவத்தை மாற்றக் காரணமாகலாம். சோதனையே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

துளசியின் இரண்டு பக்கம்

சமயமும் மருந்தும் ஒரே செடியில் சந்திக்கும் இடம் துளசி. மாடத்தில் வைத்து வணங்குபவருக்கு அது திருமாலுக்கு உகந்த புனிதம். அந்தப் புனிதம் அதிருஷ்டார்த்தத்தின்பாற்பட்டது. துளசி நீர் இருமலைத் தணிக்கும் என்பது திருஷ்டார்த்தம். முதலாவதை எந்த ஆய்வாலும் நிறுவவோ மறுக்கவோ முடியாது. இரண்டாவதை ஆய்வால்தான் தீர்க்க முடியும்.

இந்த எல்லை குழம்பும்போது இரு பக்கமும் இழக்கிறது. புனிதமானது என்பதால் மருந்தாகவும் பலிக்கும் என்றால், நாளை ஓர் ஆய்வு பலன் இல்லை என்று காட்டும்போது பக்தியும் சேர்ந்து புண்படுகிறது. மருந்தாகப் பலிப்பதால்தான் முன்னோர் வணங்கினர் என்றால், பக்தி வேதியியலின் அனுமதிக்காகக் காத்து நிற்கிறது. வணங்குபவர் வணங்கலாம், இருமலுக்குச் சாற்றைத் தருபவர் மட்டும் பலனைக் காட்டக் கடமைப்பட்டவர்.

இருபக்கமும் ஒரே கோல்

ஆப்தர் சொல்லை அப்படியே ஏற்கும் பழக்கம் மூலிகை மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. காசநோய்க்கு நல்ல காற்று, படுக்கை ஓய்வு, ஊட்டமான உணவு, சானடோரிய வாசம் ஆகியவை இன்றியமையாதவை என்று மேலை மருத்துவம் பல தலைமுறை கற்பித்தது. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் அதைக் குலுக்கல் முறையில் சோதித்து 1959-ல் முடிவை வெளியிட்டது. ஏழை வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொண்டவர்கள், சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகக் குணமடைந்தனர். வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. உலகின் காசநோய்ச் சிகிச்சையே வீட்டை நோக்கித் திரும்ப அது வழிசெய்தது. பெரிய மருத்துவர்களின் ஒருமித்த சொல் நம் ஊரில் நடந்த சோதனையின் முன் வழிவிட்டது.

மூக்கடைப்புக்கே அண்மைச் சான்று ஒன்றும் உண்டு. வாய்வழி உட்கொள்ளும் ஃபினைல்எஃப்ரின் பல பத்தாண்டுகளாக ஜலதோஷ மாத்திரைகளில் சேர்க்கப்பட்டு வந்தது. 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, அது மூக்கடைப்பைத் தீர்ப்பதற்குச் சான்று இல்லை என்று 16-0 என ஒருமனதாகத் தீர்மானித்தது. கஷாயத்துக்குக் கேட்கும் சான்றை மாத்திரைக்கும் கேட்பதே நடுநிலை. மாத்திரை தவறியது என்பதால் கஷாயம் வென்றுவிட்டது என்று கொள்வது அளவை ஆகாது.

யார் ஆப்தர்

ஆப்தருக்கு வாத்ஸ்யாயனர் மூன்று தகுதிகளை வைக்கிறார். பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும். உயிர்கள்மீது இரக்கம் வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் வேண்டும். சளி மருந்து சொல்பவர் யாராயினும், வைத்தியர், மருந்து நிறுவனம், பாட்டி, ஆய்வாளர் எவராயினும், இந்த மூன்றும் பொருந்தும்.

நேராக அறிதல் என்றால் தன் ஊகத்தையும் அறிந்ததையும் பிரித்துச் சொல்வது. இரக்கம் என்றால் பலனோடு தீங்கையும் எண்ணுவது. அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பிப்பரின், தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்து போன்றவற்றின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடும். இவை சேர்ந்த திரிகடுகச் சூரணம் உண்ணும் ஆஸ்துமா நோயாளி இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உள்ளபடி சொல்லும் விருப்பம் என்றால், விற்பனைக்காகவோ இனப் பெருமைக்காகவோ சொல்லைக் கூட்டாமல் இருப்பது; தோற்ற ஆய்வையும் மறைக்காமல் வெளியிடுவது.

எந்தச் சொல்லை ஏற்பது என்பதற்கு இழப்பின் அளவும் ஒரு கோல். தேறிவரும் பெரியவர் ஒருவர் தூதுவளை ரசம் உண்பதில் சான்று குறைவாக இருந்தாலும் கேடில்லை. ஆனால் இரண்டு மாதம் நிறைந்த, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழ் மார்பு உள்வாங்கினாலோ, அது நிமோனியாவாக இருக்கலாம். அந்த இடத்தில் கற்பூரவள்ளிச் சாற்றை நம்பிக் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. சொல்லுக்கு வேண்டிய சான்று, அது பொய்த்தால் வரும் இழப்புக்கு ஏற்ப உயர வேண்டும்.

மரபு மருத்துவத்தை மதிப்பது என்பது அதன் சொற்களை உண்மையாக இருக்கக்கூடியவை என்று எடுத்துக்கொள்வது. உண்மையாக இருக்கக்கூடிய சொல்லையே சோதிக்கத் தோன்றும். ஆடாதோடை சோதிக்கப்பட்டதால் சிறுமைப்படவில்லை. உலகெங்கும் பயன்படும் ஒரு மருந்துக்கு முன்னோடியானது. மற்ற மூலிகைகளுக்கும் அதே வாய்ப்பைத் தருவதே முன்னோர் சொல்லுக்குச் செய்யும் நேர்மையான மரியாதை. அந்தச் சோதனையைச் சித்த மருத்துவக் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் தாமே முன்னின்று நடத்தி, வென்றதையும் தோற்றதையும் ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும்.